துறைகள்தோறும் மாறும் அளவுகோல்: நோம் சாம்ஸ்கியின் மேற்கோள் எண்ணிக்கையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆய்வாளரின் எழுத்துகள் பிறரால் எத்தனை முறை சுட்டப்பட்டன என்னும் எண்ணிக்கை இன்று பணியமர்த்தம், பதவி உயர்வு, நிதிநல்கை ஆகிய மூன்றிலும் கேட்கப்படுகிறது. மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கி குறித்து 1992இல் வெளிவந்த மேற்கோள் கணக்கைச் சான்றாகக் கொண்டு, அவ்வெண்ணிக்கை எவ்வாறு உருவாகிறது, துறைக்குத் துறை எவ்வாறு வேறுபடுகிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. துறைவேறுபாட்டைச் சரிசெய்யும் முறைகள், அத்துறையின் இதழ்கள் தரவுத்தளத்தில் இடம்பெற்றிருந்தாலன்றிப் பயன்படா என்பதும், தமிழாய்வு இன்னும் அந்நிலையை எய்தவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: மேற்கோள் அடைவு, எச் சுட்டெண், தாக்கக் காரணி, நோம் சாம்ஸ்கி, மாற்றிலக்கணம், தமிழாய்வு மதிப்பீடு.

முன்னுரை

உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் பணிகளுக்கு இயற்பியல் துறையாளரும் தமிழ்த் துறையாளரும் பெரும்பாலும் ஒரே படிவத்தையே நிரப்புகின்றனர். மொத்த மேற்கோள்கள் எத்தனை, எச் சுட்டெண் எவ்வளவு என்னும் கட்டங்கள் அப்படிவத்தில் இருக்குமாயின், முன்னவர் மூன்று இலக்க எண்ணை எழுதும் இடத்தில் பின்னவர் ஒற்றை இலக்கத்தை எழுதவோ கட்டத்தை வெறுமையாக விடவோ நேர்கிறது. முப்பது ஆண்டுகள் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவரும் அங்குச் சுழியம் இட வேண்டியவராகலாம். இச்சுழியம் அவருடைய உழைப்பைக் குறிக்கிறதா, எண்ணிய கருவியின் எல்லையைக் குறிக்கிறதா என்பது ஆராயத்தக்கது.

தமிழில் மேற்கோள் என்னும் சொல் பிறர் கூற்றை அவ்வாறே எடுத்துக்காட்டுவதையும் குறிக்கும். இக்கட்டுரையில், ஓர் எழுத்து தன் சான்றாதாரப் பட்டியலிலோ அடிக்குறிப்பிலோ மற்றோர் எழுத்தைச் சுட்டுவது மட்டுமே மேற்கோள் எனப்படுகிறது.

சாம்ஸ்கியைச் சான்றாகத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அவர் மொழியியலர், மாற்றிலக்கணத்தின் வழித் தமிழ்த் துறைகளுக்கு அறிமுகமானவர். அவர் எழுத்துகள் மொழியியலோடு நில்லாமல் உளவியல், கணிப்பியல், மெய்யியல், அரசியல் எனப் பல புலங்களிலும் சுட்டப்படுகின்றன. ஒருவரின் பெயர் பல துறைகளில் எண்ணப்படும்போது, ஆளைச் சார்ந்த வேறுபாடு நீங்கித் துறையைச் சார்ந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது.

மேற்கோள் அடைவின் தோற்றம்

மேற்கோள்களைத் தொகுத்து அடைவாக்கும் முறை அறிவியலில் பிறந்ததன்று, வழக்கறிஞர்களிடம் பிறந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873இல் தொடங்கிய தொகுப்பு, ஒரு தீர்ப்பு பின்வந்த தீர்ப்புகளில் எங்கெல்லாம் சுட்டப்பட்டது என்பதைக் காட்டியது. அத்தொகுப்பு சுட்டப்பட்ட இடத்தைத் தருவதோடு, முந்தைய தீர்ப்பு பின்பற்றப்பட்டதா, மறுக்கப்பட்டதா, வேறுபடுத்திக் காட்டப்பட்டதா என்பதையும் எழுத்துக் குறியீடுகளால் உணர்த்தியது.

யூஜின் கார்பீல்டு இம்முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என 1955இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அவர் நிறுவனத்தின் அறிவியல் மேற்கோள் அடைவு 1964இல் முறையாக வெளிவரத் தொடங்கியது. சமூக அறிவியலுக்கான அடைவும், 1978இல் கலை, மானுடப் புலங்களுக்கான அடைவும் அதனைத் தொடர்ந்தன. தொடர்புடைய கட்டுரைகளைத் தேடிக் கண்டடைய உதவுவதே இவற்றின் முதல் நோக்கம். ஆய்வாளரை எடைபோடுவது பின்னர் வந்து சேர்ந்த பயன்பாடு. இம்மாற்றத்தில் ஓர் இழப்பு நேர்ந்தது. ஷெப்பர்டின் தொகுப்பில் இருந்த உடன்பாடு, மறுப்பு என்னும் குறியீடுகள் அறிவியல் அடைவுக்கு வரவில்லை. சுட்டப்பட்டது என்னும் செய்தி மட்டுமே எஞ்சியது.

இவ்விழப்பின் அளவை உரைமரபு பயின்றோர் எளிதில் உணர்வர். சேனாவரையர் தம் உரையில் இளம்பூரணரை 'உரையாசிரியர்' எனச் சுட்டிப் பல இடங்களில் மறுக்கிறார். எண்ணிக்கை மட்டும் காணும் அடைவொன்றில் அம்மறுப்புகள் அனைத்தும் இளம்பூரணரின் செல்வாக்காகவே பதிவாகும். அதுவும் ஒருவகையில் உண்மையே. மறுக்கத் தகுந்தவர் என்பதும் ஒரு மதிப்புதான். ஆயினும் அது உடன்பாட்டினின்று வேறானது.

மூன்று அடைவுகள், மூன்று எண்கள்

சாம்ஸ்கி பணியாற்றிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1992 ஏப்ரலில் தன் செய்தியிதழில் ஒரு கணக்கை வெளியிட்டது. நிறுவனத்தின் நூலகர் சரிபார்த்த அக்கணக்கின்படி, கலை, மானுடப் புலங்களின் அடைவில் 1980 முதல் 1992 வரை சாம்ஸ்கி 3,874 முறை சுட்டப்பட்டிருந்தார். சமூக அறிவியல் அடைவில் 1972 முதல் 1992 வரை 7,449 முறையும், அறிவியல் அடைவில் 1974 முதல் 1992 வரை 1,619 முறையும் அவர் பெயர் காணப்பட்டது. முதல் அடைவில், வாழ்ந்துகொண்டிருந்தோருள் மிகுதியாகச் சுட்டப்பட்டவர் அவரே எனவும், எல்லாக் காலத்தவரையும் சேர்த்து நோக்கின் எட்டாம் இடத்தவர் எனவும் அச்செய்தி கூறியது. மார்க்ஸ், லெனின், ஷேக்ஸ்பியர், அரிஸ்டாட்டில், விவிலியம், பிளேட்டோ, பிராய்டு ஆகியவை அவருக்கு முன்னும், ஹெகல், சிசரோ ஆகியோர் அவருக்குப் பின்னும் இருந்தனர்.

இவ்வெண்களைப் பலரும் எடுத்தாள்வர். அவற்றின் ஆண்டெல்லைகளை எடுத்தாள்வோர் சிலரே. சமூக அறிவியல் எண், மானுடப் புல எண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. ஆனால் முன்னது 21 ஆண்டுகளுக்குரியது. பின்னது 13 ஆண்டுகளுக்குரியது. தொடக்க, இறுதி ஆண்டுகளை முழுமையாகக் கொண்டு வகுத்தால், சமூக அறிவியலில் ஆண்டொன்றுக்குச் சற்றொப்ப 355, மானுடப் புலங்களில் 298, அறிவியலில் 85 எனக் கிடைக்கின்றன. இரு மடங்கு வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றையும் கூட்டி 12,942 எனக் கூறுவதும் பிழையாகும். ஆண்டெல்லைகள் வேறுவேறானவை என்பது ஒருபுறமிருக்க, சில இதழ்கள் ஒன்றுக்கு மேற்பட்ட அடைவுகளில் இடம்பெறுகின்றன. அமெரிக்க மொழியியல் கழகத்தின் 'லாங்குவேஜ்' இதழ் சமூக அறிவியல் அடைவிலும் உண்டு; மானுடப் புல அடைவிலும் உண்டு. அதில் வெளிவந்த ஒரு மேற்கோள் கூட்டுத்தொகையில் இருமுறை எண்ணப்பட்டுவிடும்.

முதல் பத்துப் பெயர்களின் பட்டியலும் நின்று நோக்கத்தக்கது. ஷேக்ஸ்பியர் அங்கு ஆய்வாளராக இடம்பெறவில்லை, ஆய்வுப்பொருளாக இடம்பெறுகிறார். மானுடப் புல அடைவைத் தொகுத்தோர், கட்டுரையில் பேசப்பட்டும் முறையான அடிக்குறிப்புப் பெறாத படைப்புகளையும் மேற்கோளாகச் சேர்த்தனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அத்தகைய அடைவு தமிழுக்கு இருப்பின் தொல்காப்பியரும் திருவள்ளுவரும் கம்பரும் முன்னிற்பர். அவர்களை ஆராய்ந்தோர் நெடுந்தொலைவு பின்னிற்பர். மூலமும் ஆய்வும் ஒரே பட்டியலில் கலக்கும் புலங்களில் 'அதிகம் சுட்டப்பட்டவர்' என்னும் தொடருக்குத் தெளிவான பொருள் இல்லை.

நூலும் முதலாசிரியரும்

மேற்கோள் அடைவில் இருவகை எழுத்துகள் உள்ளன. அடைவு தானே படித்துச் சான்றாதாரப் பட்டியலைப் பதிவுசெய்யும் எழுத்துகள் ஒருவகை. அப்பட்டியல்களில் பெயராக மட்டும் வந்துசேரும் எழுத்துகள் மற்றொரு வகை. முன்னவை பெரும்பாலும் இதழ்க் கட்டுரைகள். நூல்களோ நெடுங்காலம் இரண்டாம் வகையிலேயே இருந்தன. நூல்களுக்கென அந்நிறுவனத்தின் தனியடைவு 2011இல்தான் வந்தது.

சாம்ஸ்கியின் பெரும்பங்களிப்புகள் நூல்களாகவே அமைந்தவை. 1957இல் ஹேக் நகரின் மூட்டன் பதிப்பகம் வெளியிட்ட 'சின்டாக்டிக் ஸ்டிரக்சர்ஸ்', 1965இன் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆப் த தியரி ஆப் சின்டாக்ஸ்', 1981இன் ஆட்சி-கட்டுக் கோட்பாட்டு விரிவுரைகள், 1995இன் 'த மினிமலிஸ்ட் புரோகிராம்' ஆகியவை அவ்வகையின. அவர் 1955இல் எழுதிய 'த லாஜிக்கல் ஸ்டிரக்சர் ஆப் லிங்குவிஸ்டிக் தியரி' இருபது ஆண்டுகள் படியெடுத்த தாள்களாகவே கைமாறி, 1975இல் அச்சேறியது. இதழ்க் கட்டுரைகளை மட்டும் கொண்டு எச் சுட்டெண் கணிக்கும் தரவுத்தளத்தில் இந்நூல்கள் எவையும் கணக்கில் ஏறா.

மற்றொரு வழக்கமும் எண்ணை மாற்றியது. அச்சு அடைவுகளில் சுட்டப்பட்ட எழுத்து அதன் முதலாசிரியர் பெயரில் மட்டுமே பதியப்பட்டது. 1968இல் வெளிவந்த ஆங்கில ஒலியமைப்பு நூல் சாம்ஸ்கி, மோரிஸ் ஹாலே இருவராலும் எழுதப்பட்டது; அதன் மேற்கோள்கள் சாம்ஸ்கி பெயரில் சேர்ந்தன, ஹாலேயின் பெயரில் சேரவில்லை. 1988இன் 'மேனுபேக்சரிங் கன்சென்ட்' நூலில் எட்வர்டு ஹெர்மன் முதலாசிரியர். அங்குச் சாம்ஸ்கியின் பங்கு மறைந்தது. ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் இடும் கணிதத் துறையில் இவ்வழக்கம் எத்தகைய விளைவைத் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இக்காலத் தரவுத்தளங்கள் எல்லா ஆசிரியர்க்கும் வரவு வைப்பதால் எதிர்நிலை தோன்றியுள்ளது. ஹிக்ஸ் துகளின் நிறை குறித்து 2015இல் வெளிவந்த கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர். அதன் ஒவ்வொரு மேற்கோளும் 5,154 பேருக்கும் முழுமையாகச் சேர்கிறது.

துறைக்கொரு பொருள்

சாம்ஸ்கியின் அறிவியல் அடைவு எண் மற்றைய இரண்டையும்விடக் குறைவு. அதனால் கணிப்பியலில் அவர் செல்வாக்குக் குறைவு எனக் கொள்ளலாமா? 1956இல் தகவல் கோட்பாட்டு இதழொன்றில் அவர் வெளியிட்ட 'மொழி விவரிப்புக்கான மூன்று மாதிரிகள்' என்னும் கட்டுரையும், 1959இல் இலக்கணங்களின் வடிவப் பண்புகள் குறித்து எழுதியதும் முறைசார் மொழிகளின் படிநிலைப் பகுப்புக்கு அடிப்படையாயின. இன்று பொறியியல் கல்லூரி மாணவர் கணிப்பியல் கோட்பாட்டுப் பாடத்தில் 'சாம்ஸ்கி இயல்பு வடிவம்' என எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகிறார். அவர் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கண்டதில்லை. அவருடைய ஆசிரியரும் தம் கட்டுரைகளில் அதனைச் சுட்டுவதில்லை. ஒரு கருத்து பொதுவறிவாகிவிட்டால் அதன் மூலத்தைச் சுட்டும் வழக்கம் நின்றுபோகும். சமூகவியலர் ராபர்ட் மெர்ட்டன் இதனை, உள்வாங்கப்பட்டதனால் அழிந்துபோதல் என விளக்கினார். இந்நிலையில் மேற்கோள் குறைவு செல்வாக்கின் குறைவைக் காட்டாது. அதன் முழுமையைக் காட்டும்.

உளவியலில் நிலை வேறு. பி. எப். ஸ்கின்னரின் 'வெர்பல் பிஹேவியர்' நூலுக்குச் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை 1959இல் 'லாங்குவேஜ்' இதழில் வெளிவந்தது. முப்பத்துமூன்று பக்க மதிப்புரை ஒரு துறையின் போக்கை மாற்றியதாகப் பேசப்படுவது அரிது. நடத்தையியலாரான கென்னத் மக்கர்க்கடேல் 1970இல் அம்மதிப்புரையை விரிவாக மறுத்தார். ஆதரித்தோரும் மறுத்தோரும் அதனைச் சுட்டியாக வேண்டியிருந்தது. மார்க் ஹவுசர், டெக்கம்ஸே பிட்ச் ஆகியோருடன் சாம்ஸ்கி 2002இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய மொழித்திறன் பற்றிய கட்டுரைக்கும் இதுவே நேர்ந்தது. ஸ்டீவன் பிங்கரும் ரே ஜாக்கண்டாப்பும் 2005இல் நீண்ட மறுப்பு எழுத, அதனைத் தொடர்ந்த விவாதம் மேற்கோள் எண்ணிக்கையைப் பெருக்கியது. நம் பல்கலைக்கழக மதிப்பீடுகளில் மதிப்புரைக்குத் தனி மதிப்பெண் இல்லாமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

நோயெதிர்ப்பியலில் அவர் பெயர் உவமையாய் நுழைந்தது. நீல்ஸ் ஜெர்னே 1984இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையின் தலைப்பு 'நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஆக்கமுறை இலக்கணம்' என்பதாகும். எல்லையற்ற வாக்கியங்களை உருவாக்கும் இலக்கணத்தோடு, முன்பின் அறியாப் பொருள்களையும் இனங்காணும் எதிர்ப்பொருள்களை அவர் ஒப்பிட்டார். இவ்வாறு ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்கு வேர் கொண்ட செல்வாக்கு, எண்ணிக்கையில் ஒன்றாகவே பதியும். பத்துப் பெயர்களை அடைப்புக்குறிக்குள் அடுக்கிச் செல்லும் சடங்கு மேற்கோளும் ஒன்றாகவே பதியும்.

அவருடைய அரசியல் எழுத்துகளோ பெரும்பாலும் பொது இதழ்களிலும் நூல்களிலும் வந்தவை. அறிவாளர்களின் பொறுப்பு பற்றி 1967இல் அவர் எழுதியதை வாசித்தோர் பலர். வாசித்தமைக்கு அடிக்குறிப்பு இடும் கடமை வாசகருக்கு இல்லை.

எச் சுட்டெண்ணும் துறைவழிச் சமன்செய்தலும்

இயற்பியலர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் எச் சுட்டெண்ணை முன்மொழிந்தார். ஒருவரின் எழுத்துகளுள், குறைந்தது எச் முறை சுட்டப்பட்டவை எச் எண்ணிக்கையில் இருப்பின், அதுவே அவருடைய சுட்டெண். ஒவ்வொன்றும் இருபது முறை சுட்டப்பட்ட இருபது கட்டுரைகள் உடையவரின் எண் 20. ஒவ்வொன்றும் ஆயிரம் முறை சுட்டப்பட்ட மூன்று நூல்கள் மட்டும் உடையவரின் எண் 3. நூல் எழுதும் துறைகளுக்கு இக்கருவி பொருந்தாமை அதன் வரையறையிலேயே உள்ளது.

ஹிர்ஷின் முதற்கட்டுரையே துறைவேறுபாட்டையும் காட்டிவிட்டது. இயற்பியலில் அவர் கண்ட மிக உயர்ந்த எண் எட்வர்டு விட்டனின் 110. உயிரியலில் சாலமன் ஸ்நைடரின் 191. விட்டனைவிட ஸ்நைடர் ஏறத்தாழ இரு மடங்கு சிறந்தவர் என ஒருவரும் கூறார். உயிரியலில் ஆய்வாளர் மிகுதி, கட்டுரைகளின் சான்றாதாரப் பட்டியல் நீளம், புதியவற்றைச் சுட்டும் வேகம் மிகுதி. இதழ்களின் தாக்கக் காரணியிலும் இதே நிலைதான். 2015இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த லெய்டன் அறிக்கை, கணிதத்தின் முன்னணி இதழ்களுக்குத் தாக்கக் காரணி 3 அளவிலும் உயிரணு உயிரியலின் முன்னணி இதழ்களுக்கு 30 அளவிலும் இருப்பதைச் சுட்டி, துறைவேறுபாட்டைக் கருதாமல் எண்களை ஒப்பிடலாகாது என்றது.

இதற்குரிய தீர்வு ஒன்று உண்டு. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே துறையில் அதே ஆண்டில் வெளிவந்த கட்டுரைகளின் சராசரியால் வகுத்தல் என்பதே அது. சராசரி 4 ஆகவுள்ள துறையில் 12 மேற்கோள் பெற்ற கட்டுரையின் மதிப்பு 3. சராசரி 40 ஆகவுள்ள துறையில் 60 பெற்றதன் மதிப்பு 1.5 மட்டுமே. இவ்வாறு வகுத்தபின் வெவ்வேறு துறைகளின் மேற்கோள் பரவல்கள் ஒத்துவிடுகின்றன என ராடிக்கி, பார்ச்சுனாட்டோ, காஸ்டெல்லானோ ஆகியோர் 2008இல் காட்டினர். வால்ட்மன் குழுவினர் 2012இல் இதனை மீளாய்ந்து, ஒப்புமை பல துறைகளில் உண்டெனினும் சராசரி மிகக் குறைந்த துறைகளில் அது குலைகிறது என்றனர். மானுடப் புலங்களுக்கு இரண்டாவது முடிவே முதன்மையானது.

தமிழாய்வில் வகுக்கும் எண் எங்கே?

சாம்ஸ்கியின் எண்கள் எத்துணைக் குறையுடையனவாயினும் அவற்றைத் திருத்த வழியுண்டு. அவர் சுட்டப்பட்ட துறைகளின் இதழ்கள் அடைவில் உள்ளன. ஆகவே சராசரி காணவும் வகுக்கவும் இயலும். தமிழாய்வுக்கு இவ்வழி அடைபட்டுள்ளது. தமிழில் வெளிவரும் ஆய்விதழ்கள் பெருந்தரவுத்தளங்களில் இடம்பெறாதபோது, தமிழ்க் கட்டுரையொன்று சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகிறது என்பதைக் கணிக்கவே இயலாது. வகுக்கும் எண் இல்லாத இடத்தில் சமன்செய்தல் என்னும் பேச்சுக்கே இடமில்லை.

ச. அகத்தியலிங்கம் தமிழ்த் தொடரியலின் ஒரு பகுதிக்கு ஆக்கமுறை இலக்கணம் எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதனை 1967இல் வெளியிட்டது. சாம்ஸ்கியின் கோட்பாடு தமிழுக்கு வந்த வழிகளுள் அது குறிப்பிடத்தக்கது. ஆயினும் அது நூலாதலின், சாம்ஸ்கியின் மேற்கோள் கணக்கில் அதன் பங்களிப்பு ஏறவில்லை. அந்நூலைப் பின்னர்ச் சுட்டிய தமிழ் ஆய்வேடுகளும் கருத்தரங்கத் தொகுப்புகளும் அகத்தியலிங்கத்தின் கணக்கிலும் ஏறவில்லை. கூகுள் ஸ்காலர் நூல்களையும் ஆய்வேடுகளையும் ஓரளவு திரட்டுகிறது. ஆனால் மின்னுருவாகாத நூல்கள் அதற்கும் எட்டா.

மதிப்பெண் முறையும் இவ்விடைவெளியைக் கூட்டியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டுரைக்கு அறிவியல் புலங்களில் 8 மதிப்பெண்ணும், மொழி, கலை, சமூக அறிவியல் புலங்களில் 10 மதிப்பெண்ணும் வழங்கின. இது துறைவேறுபாட்டை உணர்ந்து செய்ததே. ஆனால் அதே அட்டவணை, இதழின் தாக்கக் காரணிக்கேற்ப 5 முதல் 30 வரை மதிப்பெண் கூட்டவும் வழிசெய்தது. கலை, மானுடப் புல அடைவில் மட்டும் உள்ள இதழ்களுக்கு 2023 வரை தாக்கக் காரணியே வழங்கப்படவில்லை. இரண்டு மதிப்பெண் முன்னிலை, அடுத்த வரியில் இருபது மதிப்பெண்ணுக்கு மேற்பட்ட பின்னடைவாக மாறக்கூடும். மானியக் குழுவின் இதழ்ப் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டபின், எவ்விதழ் தரமானது என முடிவுசெய்யும் பொறுப்பு நிறுவனங்களிடமே வந்துள்ளது. இனி ஒவ்வொரு தேர்வுக்குழுவும் எந்த எண்ணை நம்பும் என்பது திறந்த வினா.

பிற மொழியினர் காத்திருக்கவில்லை. சீனத்தில் நான்சிங் பல்கலைக்கழகம் சமூக அறிவியலுக்கான தன் அடைவை உருவாக்கியது. கொரியர்க்குத் தனி மேற்கோள் அடைவு உண்டு. பிரேசிலில் 1997இல் தொடங்கிய சயெலோ போர்ச்சுகீசிய, ஸ்பானிய இதழ்களை ஒருங்கிணைத்தது. சொல்லடைவும் பாட்டு முதற்குறிப்பும் தொகுத்துப் பழகிய தமிழுலகிற்கு மேற்கோள் அடைவு அயலானதன்று.

அதற்குப் பெருந்தடை தொழில்நுட்பத்தில் இல்லை. நம் சான்றாதாரப் பட்டியல்களில் உள்ளது. அகத்தியலிங்கத்தின் பெயர் தமிழில் முதலெழுத்து முன்னும் பின்னுமாக எழுதப்படுகிறது. ரோமன் எழுத்திலோ அவர் நூல்களில் காணப்படும் வடிவம் ஒன்று, பிறர் ஒலிபெயர்த்து எழுதுபவை வேறு. கணினி இவற்றை வெவ்வேறு மனிதர்களாகக் கொள்ளும். முதலெழுத்தைத் தந்தை பெயராக உடைய நம் பெயர்களைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடும்போது குழப்பம் மேலும் வளர்கிறது. ஆய்வாளருக்குரிய பதினாறு இலக்க ஆர்கிட் எண் உயிரோடிருப்போரின் பெயர்ச் சிக்கலைத் தீர்க்கும். மறைந்த அறிஞர்களுக்கு, ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் ஓரிடத்தில் இணைக்கும் பெயரடைவை மனிதர் கைப்படவே தொகுத்தாக வேண்டும். பதிப்பாண்டு இன்றியும் பதிப்பகப் பெயர் மட்டும் தந்தும் அமையும் துணைநூற்பட்டியல்களைச் சரிசெய்வதும் இப்பணியில் அடங்கும். ஓரிதழ் தன் பத்தாண்டுக் கட்டுரைகளின் சான்றாதாரங்களை இவ்வாறு ஒழுங்குபடுத்தி வெளியிட்டாலே, தமிழாய்வுக்குரிய சராசரியொன்றை முதன்முறையாகக் கணக்கிடத் தொடங்கலாம்.